உம்மாவின் குரலும் ஒற்றைப் படியும்

தமிழிலக்கிய வரலாற்றைப் பயிற்றும் ஆசிரியர் எவரும் ஆண்டுதோறும் வகுப்பில் வருந்தாமல் கடக்கவியலாத பகுதி ஒன்று உண்டு. மறைந்துபோன நூல்களைப் பற்றிய பகுதியே அது. கடல் கொண்டன சில. கறையான் கொண்டன பல. பழுதுற்ற ஏடுகள் என்று ஆற்று வெள்ளத்தில் விடப்பட்டன எண்ணில. இவற்றையெல்லாம் முப்பதாண்டுகளுக்கு மேலாக மாணவர்க்கு எடுத்துரைத்து, முன்னோர் படியெடுத்து வைக்கத் தவறினரே என்று குறைகூறியும் வந்தோம். அங்ஙனம் குறைகூறிய யாமே எம் சட்டைப்பையில் இருந்த ஏடொன்றைப் பேணத் தவறினோம் என்பதை 2024ஆம் ஆண்டு ரமலானில் உணர நேர்ந்தது. அவ்வேடு பனையோலையால் ஆனதன்று. கண்ணாடியும் உலோகமும் கொண்டு இயன்ற கைப்பேசி.

அஸர் தொழுகைக்காகப் பள்ளிவாசல் சென்று, ஹவுளின் கரையில் ஒளுச் செய்யக் குனிந்தபோது, கைப்பேசி நழுவிக் கருங்கற்படியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தோம். கண்ணாடி முழுதும் சிலந்தி வலை பின்னியது போன்ற விரிசல். உள்ளே ஒளி இருந்தது, மணி தெரிந்தது, அழைத்தவர் பெயரும் தெரிந்தது. ஆயின் விரலால் எங்குத் தொட்டாலும் திரை அதனை உணரவில்லை. அன்றைய தொழுகையில் எம் உள்ளம் முழுதும் நின்றதென்று எழுதினால் பொய்யுரைத்தவர் ஆவோம், இறைவன் மன்னித்தருள்வானாக.

ஒரு கருவி உடைந்ததற்கு இத்துணைக் கலக்கம் எதற்கு என்று அருகிருந்த பெரியவர் ஒருவர் கேட்டார். கருவிக்காகக் கலங்கவில்லை, அதனுள் எம் உம்மா இருந்தார்கள்.

உம்மா அவர்கள் காயல்பட்டினத்தில் பிறந்து வாழ்ந்தவர்கள். பள்ளிக்கூடம் சென்றறியார்கள். சிறு வயதில் குர்ஆன் ஓதக் கற்றதோடு, அவ்வெழுத்தின் வழியாகவே அரபுத் தமிழையும் படிக்கக் கற்றார்கள். தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிக்கும் அவர்கள், அரபுத் தமிழை ஆற்றொழுக்காகப் படிப்பதைக் கேட்டு யாம் வியந்ததுண்டு. தமிழ் பயின்று பட்டம் பெற்ற யாம் அவ்வெழுத்தில் ஒரு வரி படிப்பதற்குள் அவர்கள் ஒரு பக்கம் படித்து முடித்திருப்பார்கள். அவர்களுடைய தாயார் கையால் எழுதிய குறிப்பேடு ஒன்று அவர்களிடம் இருந்தது. முனாஜாத்துக்கள் சில, மணவீட்டில் பாடுவன சில, இறுதியில் நீண்டதொரு தாலாட்டு. இயற்றியவர் பெயர் எதற்கும் இல்லை. தாலாட்டின் பிற்பகுதி இருந்த ஏழெட்டுத் தாள்களைக் கறையான் தின்றுவிட்டது. அப்பகுதி உம்மாவின் நெஞ்சில் மட்டுமே எஞ்சியிருந்தது.

2019ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் ஊர் சென்றிருந்தபோது அக்குறிப்பேட்டின் பக்கங்கள் அனைத்தையும் கைப்பேசியால் படமெடுத்தோம். பின் உம்மாவைப் பாடச் செய்து ஒலிப்பதிவும் செய்தோம். முதல் அமர்வில் குறிப்பேட்டில் உள்ளவற்றைப் பாடினார்கள். மறுநாள் இரண்டாம் அமர்வில், கறையான் தின்ற பகுதியை நினைவிலிருந்து நாற்பது நிமிடம் பாடினார்கள். இடையிடையே, “பதியுதா வாப்பா?” என்று கேட்பார்கள். பதிகிறது உம்மா என்போம். 2021ஆம் ஆண்டு அவர்கள் வபாத்தானார்கள். ‘பதிந்து’ வைத்தோமேயன்றிப் ‘படியெடுத்து’ வைத்தோமில்லை. இவ்விரு சொற்களுக்கும் இடையே எத்துணைத் தொலைவு உண்டென்பதை அன்று அறிந்தோமில்லை.

உடைந்த கைப்பேசியைப் பழுதுபார்ப்புக் கடையொன்றிற்கு எடுத்துச் சென்றோம். திரையை மாற்றித் தரலாம், உள்ளிருப்பவை நிலைக்குமா என்று உறுதி கூறுவதற்கில்லை என்றார் கடைக்காரர். ஆய்ந்து பார்ப்பதற்காக அதனை ஒருமுறை அணைத்து எழுப்பவும் செய்தார். அதனால் புதியதோர் இடர் விளைந்தது. அதுவரை எம் விரலடையாளத்தைக் கண்டு திறந்த கைப்பேசி, அணைத்து எழுப்பிய பின் எண்குறியைக் கேட்டது. முதன்முறை எண்குறி இட்டாலன்றி விரலடையாளத்தை ஏற்பதில்லை என்பது அக்கருவியின் விதி. எண்குறி எமக்குத் தெரியும். அதனை இடுவதற்குரிய திரைதான் இறந்து கிடந்தது.

வீட்டிற்கு வந்து கம்பிவடத்தால் கணினியோடு இணைத்துப் பார்த்தோம். மின்னூட்டம் ஏறிற்று, வேறொன்றும் நிகழவில்லை. கணினியோடு இணைந்த அளவிலேயே கைப்பேசி தன் உள்ளத்தைத் திறந்து காட்டிவிடுவதில்லை. பூட்டைத் திறந்து, திரையில் தோன்றும் ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதைத் தேர்ந்தால்தான் அதன் உறைகள் கணினிக்குப் புலப்படும். உள்ளிருப்பவை யாவும் மறைகுறியாக்கப்பட்டு இருத்தலின், நினைவகச் சில்லைப் பெயர்த்தெடுத்தாலும் பொருள் விளங்காது. திருடர் கையினின்றும் எம்மைக் காப்பதற்கென்று அமைந்த காவல் அது. அக்காவலே உரியவரையும் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டது.

எம் துறையில் முதுகலை பயிலும் மாணவர் ஒருவர் மாலை வேளைகளில் கைப்பேசிக் கடையில் பணியாற்றுபவர். வகுப்பில் கடைசி இருக்கையில் அமர்ந்து, தொல்காப்பியப் பாடத்தின்போது கண்ணயர்வதைக் கண்டு யாம் கடிந்துகொண்டதும் உண்டு. அவர் செய்தி கேள்வியுற்று இல்லத்திற்கு வந்தார். கைப்பேசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, காட்சி தெரிகிறது அல்லவா? அப்படியானால் கவலை வேண்டாம். எலி ஒன்று வேண்டும்” என்றார். கணினியில் பயன்படும் சுட்டெலியைத்தான் கூறினார். கைப்பேசியின் மின்னூட்டத் துளையில் சிறிய இணைப்பான் ஒன்றைச் செருகி, அதில் எலியைப் பொருத்தினார். உடைந்த திரையில் சிறியதோர் அம்புக்குறி தோன்றிற்று! அதனை நகர்த்தி, எம்மிடம் எண்குறியைக் கேட்டு, ஒவ்வோர் எண்ணாக அழுத்தினார். கைப்பேசி திறந்தது. யாம் கற்பித்த பாடத்தில் அவர் உறங்கினார். அவர் கற்பித்த பாடத்தில் யாம் இமைக்கவும் மறந்தோம்.

திறந்த பின்னும் சிக்கல் தீரவில்லை. கைப்பேசிக்கு உள்ளது ஒரே துளை. அதனை எலி அடைத்துக்கொண்டமையால் கணினிக்குச் செல்லும் வடத்தைப் பொருத்த இடமில்லை. எலியை எடுத்தால் கைப்பேசி மீண்டும் ஊமையாகிவிடும். மாணவர் பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டி ஒன்றைக் கொணர்ந்து, அதில் எலியையும் ஒரு பென் டிரைவையும் ஒருங்கே பொருத்தினார். கணினிக்கு நேரே செல்லாமல், கைப்பேசியிலிருந்து பென் டிரைவுக்கும் அதிலிருந்து கணினிக்கும் கொண்டு செல்வது அவர் வகுத்த வழி. அவ்விரண்டிற்கும் வேண்டிய மின்சாரத்தைக் கைப்பேசியே வழங்க வேண்டியிருந்தது. எஞ்சியிருந்த மின்னூட்டமோ நூற்றுக்கு முப்பத்தொன்று. அவர் எம்மை நோக்கி, “எதை முதலில் எடுக்கட்டும் ஐயா?” என்று வினவினார்.

அவ்வினா எம்மைத் திகைக்கச் செய்தது. கருவியில் இருந்தன ஆயிரக்கணக்கான கோப்புகள். வெள்ளிதோறும் வந்த வாழ்த்துப் படங்கள், கருத்தரங்க மேடைகளில் பொன்னாடையோடு நிற்கும் எம் உருவங்கள், எவரெவரோ அனுப்பிய காணொளிகள் எனக் குவிந்து கிடந்தவற்றுள் பெரும்பாலானவை இழந்தால் வருந்தத் தகாதவை. குரல், குரல் முதலில் என்றோம். குரற்பதிவுகள் அளவில் மிகச் சிறியவை. ஒரு நிமிடக் காணொளி நூறு எம்.பி.க்கும் மேற்படும், ஒரு நிமிடக் குரல் ஒரு எம்.பி. அளவினதே. எம் இல்லத் திருமணக் காணொளி ஒன்று நான்கு ஜி.பி.யை விஞ்சியிருந்தமையால் அப்பென் டிரைவின் அமைப்பு அதனை ஏற்க மறுத்தது. மணமக்கள் பொறுத்துக்கொள்வர் என்று விட்டுவிட்டோம்.

வாட்ஸ்அப் வழியாக ராத்தாவின் கைப்பேசியிலிருந்து உம்மா அனுப்பிய சிறு குரற்செய்திகளும் இருந்தன. உறைக்குள் உறையாகச் சென்று அவற்றை மாணவர் கண்டெடுத்தார். ஒவ்வோர் உறைக்கும் ஆண்டும் அவ்வாண்டின் வார எண்ணும் சேர்ந்த ஆறிலக்கப் பெயர். ஒவ்வொரு கோப்பின் பெயரிலும் ஆண்டு, திங்கள், நாள் என எட்டிலக்கம். நம் ஏடுகளின் இறுதியில் எழுதி முடித்த ஆண்டையும் நாளையும் குறிப்பார்களே, அதுபோன்ற ஒழுங்கு. ‘நோன்பு திறந்தியா?’, ‘மருந்து சாப்பிட்டியா?’, ‘வெயில்ல அலையாத’ என்னும் அளவிலான செய்திகள். கேட்ட பொழுதில் பலவற்றுக்கு மறுமொழியும் சொல்லாதிருந்தோம்.

படியெடுத்து முடிந்ததும் எழ முற்பட்ட எம்மை மாணவர் அமரச் செய்தார். இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டார். எண்ணிக்கை ஒத்திருந்தது, அளவு ஒத்துவரவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில், குறிப்பேட்டுப் படங்களுள் ஒன்று பெயரளவில் மட்டும் இருந்தது. அளவு சுழியம். இணைப்பு ஒரு நொடி அசைந்தபோது அது வெறும் பெயராகவே வந்து சேர்ந்திருக்கிறது. மீண்டும் எடுத்தார். திறந்து பாராமல் கைப்பேசியை அழித்திருந்தால் அப்பக்கம் என்றென்றும் வெற்றுப் பெயராகவே நின்றிருக்கும். ‘வெட்டி ஒட்டுதல்’ எப்போதும் வேண்டா ஐயா; முதலில் படியெடுக்க வேண்டும், பின் திறந்து பார்க்க வேண்டும், அதன் பின்னரே பழையதை அழிப்பது பற்றி எண்ண வேண்டும் என்றார். பாடவேறுபாடு நோக்கிப் பதிப்பிக்கும் பதிப்பாசிரியரின் பொறுமையை அப்பிள்ளையிடம் கண்டோம்.

முதல் அமர்வின் ஒலிப்பதிவு முழுமையாகக் கிடைத்தது. இரண்டாம் அமர்வைக் காணோம்.

எல்லா உறைகளிலும் தேடினோம். மாணவர் பலவாறு வினவினார். மெல்ல எம் நினைவுக்கு வந்தது. 2020ஆம் ஆண்டில் ஒருநாள், நினைவகம் நிறைந்துவிட்டதென்று கைப்பேசி எச்சரித்தது. இணையவழி வகுப்பெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அவசரத்தில் பெரிய கோப்புகள் சிலவற்றை அழித்தோம். ‘எல்லாம் மேலே கூகுளில் இருக்கிறது’ என்னும் துணிவே அதற்குக் காரணம். எம் துணிவு பாதி உண்மை, பாதி மடமை. கூகுள் ஃபோட்டோஸ் என்னும் சேவை ஒளிப்படங்களையும் காணொளிகளையுமே தன்பால் ஏற்றுக்கொள்ளும். குரற்பதிவுகளை அது தொடுவதில்லை. பெயரிலேயே அதன் வரம்பு சொல்லப்பட்டிருக்கிறது. சொல்லுக்குச் சொல் பொருள் கூறிப் பிழைக்கும் யாம் அப்பெயரின் பொருளை உணர்ந்தோமில்லை. அழித்தவற்றுள் அந்நாற்பது நிமிடமும் ஒன்று.

படங்களின் நிலையும் முற்றிலும் நன்றாயில்லை. 2021ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளோடு அச்சேவையின் வரையறையற்ற இலவச இடம் நின்றுபோயிற்று. அஞ்சல், கோப்பு, படம் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதினைந்து ஜி.பி. மட்டுமே கட்டணமின்றிக் கிடைக்கும். எமது இடம் என்றோ நிறைந்து, புதியவை ஏறாமல் நின்றிருந்தன. அதனை அறிவிக்கும் மடல்கள் வந்துகொண்டேயிருந்தன; விளம்பரம் என்று கருதி அவற்றைப் படியாது விட்டோம்.

இந்நிலையில் யாம் நினைந்தது யமாமாப் போருக்குப் பின் நிகழ்ந்ததையே. இதனை ஒப்புமையாகக் கூறுகிறோம் என்று எவரும் கருதற்க. இறைமறையின் பாதுகாப்புக்கு இறைவனே பொறுப்பேற்றுள்ளான். எனினும், பேணுதல் என்பதன் இலக்கணத்தை நம் சமுதாயம் அங்கிருந்தே கற்றது. கி.பி. 633ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த அப்போரில் குர்ஆனை நெஞ்சில் தாங்கியிருந்தோர் பலர் ஷஹீதாயினர். அது கண்டு அஞ்சிய உமர் (ரலி) அவர்கள் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களிடம் சென்று, மறையை ஒன்று திரட்டுமாறு வேண்டினார்கள். தயங்கிய கலீஃபா பின் உடன்பட்டு, ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் அப்பணியை ஒப்படைத்தார்கள். மட்டைகளிலும் கற்களிலும் எழுதப்பட்டிருந்தவற்றையும் மனிதர் நெஞ்சங்களில் இருந்தவற்றையும் அவர்கள் திரட்டினார்கள். நெஞ்சில் இருக்கிறதே என்று எழுத்தை விடவில்லை. எழுத்தில் இருக்கிறதே என்று நெஞ்சையும் விடவில்லை. திரட்டிய பிரதி பின்னர் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தது. உதுமான் (ரலி) அவர்களின் ஆட்சியில் அதனின்றும் படிகள் எடுக்கப்பட்டு வெவ்வேறு நாட்டு நகரங்களுக்கு அனுப்பப்பட்டன.

இன்றைய கணினித்துறையினர் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று ஒரு விதி கூறுவர். பீட்டர் குரோக் என்னும் ஒளிப்படக் கலைஞரால் பரவியது அது. எப்பொருளுக்கும் மூன்று படிகள் வேண்டும். அவை இருவகைக் கருவிகளிலேனும் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். தீப்பற்றினாலோ வெள்ளம் புகுந்தாலோ ஓரிடத்தில் உள்ளவை யாவும் ஒருங்கே அழியுமன்றோ! மாணவர் இவ்விதியைக் கூறியபோது எமக்குப் புதுமை தோன்றவில்லை, வெட்கமே தோன்றிற்று.

குறிப்பேட்டுப் படங்கள் பற்றி ஒன்று கூற வேண்டும். 2019இலேயே அப்படங்களை யாம் ராத்தாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம். ‘படி ஒன்று அங்கும் இருக்கிறது’ என்று ஆறுதலுற்றோம். பின்னர் இரண்டையும் கணினியில் அருகருகே வைத்துப் பெருக்கிப் பார்த்தபோது உண்மை விளங்கியது. அனுப்பும்போது விரைவு கருதி அச்செயலி படத்தைச் சுருக்கிவிடுகிறது. திருமணப் படத்தைச் சுருக்கினால் பெரிதும் கேடில்லை. அரபுத் தமிழ் எழுத்தைச் சுருக்கினால் என்னாகும்? அரபு எழுத்துக்களில் இல்லாத நம் ஒலிகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டியும் குறைத்தும் புது எழுத்துக்களை நம் முன்னோர் வகுத்தனர். ஒரு புள்ளி மங்கினால் ஓர் எழுத்து வேறோர் எழுத்தாகும். ஒரு சொல் வேறொரு சொல்லாகும். ராத்தாவிடம் இருந்த படங்களில், மை மங்கியிருந்த பக்கங்களில் புள்ளி எது, தாளின் கறை எது என்று பிரித்தறிய இயலவில்லை. கம்பிவடத்தின் வழியாகவோ பென் டிரைவின் வழியாகவோ வந்த மூலப்படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தெளிவாக நின்றது. வாட்ஸ்அப்பிலேயே அனுப்ப வேண்டுமாயின், படமாக அனுப்பாமல் ‘ஆவணம்’ என்னும் வகையில் அனுப்பினால் சுருக்கம் நிகழாது. ஓலையில் புள்ளியிட்டால் கிழியுமென்று புள்ளியின்றி எழுதிப் பின்வந்தோரை இடர்ப்படுத்திய ஏடுகளைப் பற்றி எத்தனை மணிநேரம் பேசியிருப்போம்!

ஏட்டுச் சுவடிகளில் இருந்த சீறாப்புராணத்தை 1842ஆம் ஆண்டில் அச்சேற்றினார் சேகனாப் புலவர் என்று போற்றப்பெறும் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்கள் இன்று நம் கையில் நூலாகத் தவழ்கின்றன. மின்சாரமும் கணினியும் இல்லாத காலத்தில் அவர் ஆற்றிய பணியின் முன், பொத்தானை அழுத்தினால் ஒரு நொடியில் படி உண்டாகும் காலத்தில் வாழும் யாம் நாணத்தோடு நிற்கிறோம்.

படி இருந்தும் பயன்படாத நிலையும் உண்டு. 1990களில் எம் துறையினர் தட்டச்சுச் செய்து வைத்த கட்டுரைகள் சில ஃபிளாப்பித் தட்டுகளில் உள்ளன. ஒரு தட்டின் கொள்ளளவு 1.44 எம்.பி.; இன்றைய கைப்பேசிப் படம் ஒன்றுகூட அதில் அடங்காது. அதைப் படிக்கும் கருவி இப்போது துறையில் இல்லை. ஒருமுறை அரிதின் முயன்று ஒரு தட்டைத் திறந்தபோது, அக்காலத் தமிழ் எழுத்துரு கணினியில் இன்மையால் கட்டுரை முழுதும் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. ஆகவே படிகளைப் பெட்டியில் இட்டுப் பூட்டி வைத்தல் போதாது. காலத்திற்கேற்ப இடம் மாற்றிக்கொண்டே வர வேண்டும். பென் டிரைவையும் பல்லாண்டு மின்னூட்டமின்றிக் கிடப்பில் போட்டால் உள்ளிருப்பவை மங்கக்கூடும் என்கின்றனர்.

இப்போது யாம் ஒவ்வொரு திங்களின் முதல் வெள்ளியன்றும், ஜும்ஆவுக்குப் பின், புதிய கைப்பேசியைக் கணினியோடு இணைத்து அமர்கிறோம். எம்மைப் போன்ற முதியோர் தடுமாறுவது பெரும்பாலும் வடத்தில்தான். கடைகளில் விற்கும் மலிவான வடங்கள் சில மின்னூட்டம் மட்டுமே கடத்துவன. செய்தியைக் கடத்தும் கம்பிகள் அவற்றில் இரா. அத்தகைய வடத்தோடு ஒரு பகல் முழுதும் போராடிவிட்டுக் கணினியைக் குறைகூறினோம். உரிய வடம் கிடைத்து, பூட்டைத் திறந்து, கோப்புப் பரிமாற்றத்தைத் தேர்ந்தால், ‘டி.சி.ஐ.எம்.’ என்னும் உறையில் படங்கள் கிடைக்கும். ஒலிப்பதிவுகள் வேறு உறையில் இருக்கும். அவற்றைத் தனியே தேட வேண்டும். இதைத்தான் பலர் மறக்கின்றனர். கணினிக்கு வந்தபின் கோப்பின் நாள் மாறித் தோன்றுதலும் உண்டு. ஆதலின், யார், எங்கே, எப்போது என்று உறையின் பெயரிலேயே எழுதிவிடுகிறோம். ‘புதிய உறை 7’ என்று பெயரிட்டு வைப்பதும் வைக்காமல் விடுவதும் ஏறத்தாழ ஒன்றே என்பது எம் கருத்து.

மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லங்களில் பாட்டியர் இருப்பர். நூறு மசலாவையும் பெண்புத்தி மாலையையும் வாய்விட்டுப் படிக்கக் கேட்டவர்கள் அவர்களுள் இன்னும் சிலர் உளர். உங்கள் கையில் கைப்பேசியும் உண்டு. எஞ்சியதைச் சொல்ல வேண்டியதில்லை.

அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் காயல்பட்டினம் சென்றோம். பெண்மக்களுக்கே வீடு என்பது அவ்வூர் வழக்கமாதலின், உம்மா வாழ்ந்த வீட்டில் இப்போது ராத்தா வாழ்கிறார்கள். உம்மா பாடிய அதே அறையில் மடிக்கணினியை வைத்து முதல் அமர்வின் பதிவை இயக்கினோம். சேவல் ஒன்று கூவியது. முடுக்கு வழியே செல்லும் பெண்ணொருவர் எவரையோ அழைத்தார். உம்மா பாடினார்கள், நடுவே இருமினார்கள், “பதியுதா வாப்பா?” என்றார்கள். தாலாட்டின் முற்பகுதி முடிந்து, கறையான் தின்ற இடம் வந்ததும் பதிவு நின்றது.

ராத்தா நிற்கவில்லை. கண்களை மூடியவாறு தாமே தொடர்ந்தார்கள். எமக்கு மெய் சிலிர்த்தது. பெற்ற பிள்ளைகளைத் தொட்டிலில் இட்டு ஆட்டியபோது உம்மா பாடக் கேட்டுப் படிந்ததாம். பதறிக் கைப்பேசியை எடுத்து ஒலிப்பதிவை இயக்கினோம். ஏழு கண்ணிகள் வந்தன. எட்டாவதில் முதலடி மட்டும் வந்து நின்றது. நெடுநேரம் எண்ணிப் பார்த்தார்கள். அஸருக்குப் பின் மேலும் இரண்டு கண்ணிகள் நினைவுக்கு வந்தன. அவற்றுள் ஒன்று முன்னதா பின்னதா என்று அவர்களுக்கே உறுதியில்லை. உம்மா நாற்பது நிமிடம் பாடியதில் எமக்குக் கிடைத்தது ஒன்பது கண்ணி.

மஃரிபுக்கு முன்னரே அதனை மடிக்கணினியில் ஒரு படியும், ராத்தாவின் அலமாரியில் வைக்கக் கொணர்ந்த பென் டிரைவில் ஒரு படியுமாக எடுத்தோம். துறை நூலகக் கணினிக்கென ஒரு படி பின்னர்ச் சென்றது. பென் டிரைவைக் கையில் வாங்கிய ராத்தா, “பதிஞ்சிட்டா தம்பி?” என்றார்கள். பதிந்துவிட்டது என்றோம். அவர்கள் அதனைத் திரும்ப எம் கையில் கொடுத்து, “எங்கே, போட்டுக் காட்டு” என்றார்கள்.